பயத்துக்கு ரொட்டி விற்ற நபோர்

மெக்சிகோ நகரத்தில் நிலம் ஆடி நின்றதும் நாங்கள் முதலில் தேடுவது ரொட்டியைத்தான். பயந்த வயிற்றுக்கு ஒரு ரொட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் தெருவே நபோர் கடை முன்னால் வரிசை கட்டும். கடைக்காரர் மட்டும் நடுத்தெருவில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். எதிரே பழச்சாறு விற்கிறவளான எனக்கு இந்தக் காட்சி இலவசம்.

2017 செப்டம்பர் நிலநடுக்கத்தில் அவருடைய பழைய கடை இடிந்து விழுந்தது. அவரும் மகள் யுரிதியாவும் மாவு பிசையும் மேசைக்கு அடியில் இருட்டும் வரை கிடந்தார்கள். அதன் பிறகு நபோர் மாடிப்படி ஏறியதே இல்லை. கடையைத் தகரக் கூரைக்கு மாற்றினார், படுக்கையை ரொட்டி வேனுக்கு மாற்றினார். லாரி போனாலே வியர்த்துக் கொட்டும், தூக்கத்தில் அலறுவார். இதற்காக நான் அவரைக் கேலி செய்யவில்லை. அந்த மேசைக்கு அடியில் கிடந்திருந்தால் நானும் கம்பத்தைத்தான் கட்டிப்பிடித்திருப்பேன்.

ஆனால் வைத்தியம் சொல்லத்தான் எத்தனை பேர்! பக்கத்து வீட்டுக்காரி அவர் தலையைச் சுற்றி முட்டை உடைத்துப் பார்த்து, கண்ணேறு என்றாள். நல்ல முட்டை வீணாயிற்று. நபோரின் மனைவியின் தம்பி ரெமிஹியோ டெக்கீலா சாராயத்தோடு வந்தான்.

"மச்சான், ரெண்டு மடக்கு உள்ள தள்ளுங்க. அப்புறம் ஆடுறது நிலமா நீங்களான்னு உங்களுக்கே தெரியாது."

கடைசியில் யுரிதியாதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அவர் மாடி ஏற மாட்டார் என்பதால் டாக்டரம்மாவே முற்றத்துக்கு இறங்கி வந்து பேசினாராம். நபோர் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பி, நேராக என் கடைக்கு வந்தார்.

"ஜீன்ல இருக்காம்மா. எங்கப்பாவும் எண்பத்தஞ்சாம் வருஷத்து நிலநடுக்கத்துக்கப்புறம் இப்பிடித்தான் இருந்தாரு. ரத்தத்துலயே இருந்தா மனுஷன் என்ன பண்றது?"

"வைத்தியம் ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லணுமாம். ஒரு தடவ பட்டது பத்தாதா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் அவர் காது வாங்கியிருந்தது. மீதியை யுரிதியா என்னிடம் சொன்னாள். இதற்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாதாம். எத்தனையோ ஜீன்கள் சேர்ந்து ஒருவரைக் கொஞ்சம் சாய்த்து வைக்கும், பிடித்துத் தள்ளுவது நடந்த சம்பவம். நடந்ததைப் பேசிப் பேசி, தவிர்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினால் பலர் தேறுகிறார்கள், சிலருக்கு மாத்திரையும் உதவும். இதெல்லாம் நபோருக்கு எதற்கு? ஜீன் என்ற ஒரு சொல் கிடைத்துவிட்டது, அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார்.

அப்போதுதான் யுரிதியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் வீடு நாலாவது மாடியில். தாத்தா தெருவில் நின்று கூவுவார், கயிற்றுக் கூடையில் ரொட்டி ஏறும், ஜன்னலில் குழந்தையின் தலை தெரியும். ஒருநாள் ஜன்னல் திறக்கவில்லை. யுரிதியா வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"இனிமே ஜன்னல்ல காட்ட மாட்டேம்பா. பாக்கணும்னா மேல வாங்க."

"என் ரத்தம் அப்பிடிம்மா. தெரிஞ்சும் கேக்குறியே."

"எனக்கும் அதே ரத்தம்தான். அதே மேசைக்கடியில நானும்தான் கெடந்தேன். அந்த டாக்டர்கிட்ட ஒரு வருஷமா நான் போயிட்டிருக்கேன், தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அழுதுட்டுத்தான் வருவேன். பயம் இன்னும் போகல. ஆனா தெனம் நாலு மாடி ஏறுறேன்."

நபோருக்கு அது தெரியாது. தன் பயத்தைப் பார்த்துக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. மூடிய ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "பாப்பாவுக்கும் இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கலாம். பயந்துகிட்டே எப்பிடி ஏறுறதுன்னு நான் அவளுக்குக் காட்டுவேன். நீங்க என்னத்தக் காட்டுவீங்க, வேனையா?"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்து, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டார். அது அவருக்குத் தெரியாததல்ல. நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன். டாக்டரம்மாவின் அறை மூன்றாவது மாடியில். இந்தத் தடவை அவர் இறங்கி வரவில்லை, வரச் சொல்லி நபோரும் கேட்கவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீ முன்னால போம்மா," என்றார் என்னிடம். "திரும்பி மட்டும் பாக்காத."