ஒரு பிடி மருந்து

கொல்லம் 1102, ஆடி மாதம் பதினொன்றாம் தேதி, காலை ஏழேகால் மணி. மூன்று நாள் பெய்த சாரல் நின்று, மேற்கே மட்டும் கறுத்துக் கிடந்தது. இரணியலுக்குத் தெற்கே ஒன்றேகால் மைலில் எங்கள் ஊர். வாந்திபேதி வந்து பன்னிரண்டாம் நாள். பத்தொன்பது பேர் போயிருந்தார்கள். அன்று விடியும்போது பனையேறிகள் தெருவில் ஒருவர் செத்தார். இருபது.

நான் ஊர்ப் பள்ளி வாத்தியார். என் மனைவி சபையின் மாதர் சங்கத் தலைவி. சங்கம் என்றால் அவளையும் சேர்த்து ஆறு பெண்கள். உலையில் அரிசி போடும் முன் ஆளுக்கு ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். நோய் கண்ட வீடுகளுக்கு அந்த அரிசியில்தான் கஞ்சி போயிற்று. அவள் கைப்பிடியை நான் ஒருநாள் எண்ணியிருக்கிறேன்: இரண்டாயிரத்து நூற்று எழுபத்தொரு அரிசி. நோயாளியைத் தொட ஆண்கள் பயந்தோம். அந்த ஆறு பேர் தொட்டார்கள், தூக்கினார்கள், இரண்டு குழியும் வெட்டினார்கள்.

முந்தைய நாள் சுகாதார உத்தியோகஸ்தர் ஒருவர் கிணறுகளில் போட ஒரு டப்பா சிவப்பு மருந்து கொடுத்துப் போனார். மேலே ஒட்டியிருந்த சீட்டு இங்கிலீஷில் இருந்தது.

“இஞ்ச பாருங்க, ஒரு கெணத்துக்கு எத்தற போடணும்?” என்று என் மனைவி கேட்டாள்.

ஒரு அவுன்ஸ் என்றிருந்தது. அவளுக்குப் புரியட்டும் என்று, “ஒரு சின்னப் பிடி” என்றேன்.

சங்கத்தில் ஒரு பிடி என்றால் ஆளுக்கு ஒரு பிடி. அது எனக்குத் தெரியும், சொல்லும்போது நினைக்கவில்லை. காலையில் பனையேறிகள் தெருக் கிணற்றில் ஆறு பேரும் ஆளுக்கொரு பிடி போட்டார்கள். டப்பா காலி.

நான் போய்ச் சேரும்போது, செத்தவரின் தம்பி அண்ணனைக் குளிப்பாட்டத் தண்ணீர் கோரிவிட்டு, குடத்தைப் பார்த்தபடி நின்றான். நாவற்பழத்தைக் கசக்கிய நிறம்.

“ஏட்டி வாத்திச்சி, இது என்னட்டி? ரெத்தமா?” என்று என் மனைவியிடம் கேட்டான்.

“மருந்து அண்ணே. அளவு கூடிப்போச்சு. ரெண்டு நாள் இதுல வெள்ளம் கோரப்பிடாது. குளத்துக்கும் போவாதீங்க, பேதித் துணி அலசின குளம். நான் கொதிக்க வச்சித் தாறேன்.”

“அரிசி அள்ளுன கை இப்ப விஷம் போடுதோ! நேத்து என்னத்தக் கலக்குன? அதுலதான் எங்க அண்ணன் செத்தான்!”

ஆறு பேரில் மூத்த விதவைக்கு வாய் அடங்காது. “விஷம் போடுதவளா இருந்தா உன் கள்ளுக் கலயத்துலல்லா முதல்ல போட்டிருப்பேன்” என்றாள்.

முதல் அடி அவள் வாயில் விழுந்தது. இரண்டு பல் மண்ணில் கிடந்தன. அதற்குள் தெருவிலிருந்து பதினோரு ஆண்கள் கருக்குமட்டையோடு வந்துவிட்டார்கள். பனைமட்டையின் ஓரம் ரம்பம் மாதிரி. ஓங்கி அடித்தால் ஒரு காயம். அடித்து இழுத்தால் சதை கூடவே வரும். அவர்கள் இழுத்தார்கள். சங்கத்துக் கர்ப்பிணி ஒருத்தி வயிற்றைப் பொத்திக்கொண்டு கிணற்றுச் சுவரோடு குறுகினாள். என் மனைவி அவள்மேல் கவிழ்ந்து கொண்டாள். அதன்பின் அடிகள் எல்லாம் ஒரே முதுகில்.

நான் பலாமரத்தடியில் நின்று எண்ணினேன். இதை எழுதத்தான் வேண்டும். கால் நகரவில்லை, எண்ணிக்கை மட்டும் நகர்ந்தது. ஒன்பதாவதில் ரவிக்கை கிழிந்தது. பதினான்காவதில் தடுக்கத் தூக்கிய இடது மணிக்கட்டு ஒடிந்தது. சுள்ளி முறிவது போல எனக்குக் கேட்டது. பதினேழாவதில் ஓடிப்போய்க் கிணற்றடி இரும்பு வாளியை எடுத்து அந்தத் தம்பிக்காரன் முகத்தில் அடித்தேன். விழுந்தான். விழுந்தவனை இன்னும் மூன்று முறை அடித்தேன். அவன் வலது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

“அளவு சொன்னது நான்லே! நான்!” என்று அப்போதுதான் கத்தினேன். எல்லாக் கைகளும் நின்றன.

என் மனைவி எழுந்தாள். சேலைத் தலைப்பைப் பல்லால் கிழித்து அவன் கண்குழியில் அடைத்தாள். “கதவைக் கழத்திட்டு வாங்க மக்கா” என்றாள். சற்று முன் அவளை அடித்த நாலு பேர் அவனைக் கதவுப்பலகையில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஒடிந்த கையைத் தாங்கிக்கொண்டு அவளும் கூடவே நடந்தாள். “உறங்காத அண்ணே, பேசிட்டே வா” என்று வழியெல்லாம் சொன்னாள். நான் பின்னால் நடந்தேன்.

அவன் பிழைத்தான். போலீசுக்குப் போகவில்லை. ஒற்றைக் கண்ணோடு பனையேற முடியாது. வீட்டில் நாலு வயதில் ஒரு மகள்.

மறு சனிக்கிழமை சங்கம் கூடியது. உதடு வீங்கிய விதவை, கையில் கட்டுப்போட்ட என் மனைவி, மற்ற நால்வர். ஆறு வலது உள்ளங்கைகளும் மருந்துக்கறையில் பழுப்பாக இருந்தன. முதலில், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய புது மருந்தோடு மிச்சக் கிணறுகளுக்கு யார் யார் போவது என்று பேசினார்கள். அளவுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் கோடு கிழித்துக் கொண்டார்கள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

“அவன் கண்ணுக்கு என்ன செய்யப் போறிய?” என்று என் மனைவி கேட்டாள். “நீங்க சொல்லாண்டாம். நாங்க சொல்லுதோம்.”

அந்த மகள் பன்னிரண்டு வயது தாண்டும்வரை அந்த வீட்டுக்கு மாதம் மூன்று ரூபாய். என் சம்பளம் பதினொன்று. ஆறு கைகள் உயர்ந்தன. ஒன்றில் கட்டு இருந்தது. எட்டு வருடம் நாலு மாதம், ஒரு மாதமும் தவறாமல் நானே நடந்துபோய்க் கொடுத்தேன். நூறு மாதம், முன்னூறு ரூபாய்.