வாசலின் மேல் பலகை

ஹூன்வார்ட் கிராமத்தில், குளிர்காலம் வந்தால் ஐசல் ஆறு தெருவைவிட உயரத்தில் ஓடும். கோடையில் ஊரைக் காக்கும் உயர்ந்த மண்கரைமேல் ஏறினால்தான் ஆறு இருப்பதே தெரியும். கரைக்கு வெளியே, ஆற்றுப் பக்கம், செங்கல் சூளைக்காரர்கள் களிமண் வெட்டிய குழிகள் குளங்களாகக் கிடக்கின்றன. ஓடத்துறைச் சாலை ஓரிடத்தில் கரையை அறுத்துக்கொண்டு போகிறது. ஊர்க்காரர்கள் அதை வாசல் என்பார்கள். தேவாலயச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும் வெள்ளக்கோடு, ஒரு காலத்தில் அந்த வாசல் வழியே வந்த தண்ணீர் விட்டுப்போனது.

வெள்ளம் ஏறினால் வாசலின் இரண்டு கல்தூண்களிலும் வெட்டிய பள்ளங்களில் ஓக் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசை இறக்குவார்கள். இடையில் குதிரைச் சாணத்தை மிதித்துத் திணிப்பார்கள். பலகைகள் பெரெண்டினாவின் பொறுப்பு. அப்பாவிடமிருந்து வந்தது. அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காப்பியைக்கூட ஜன்னலோரம் நின்று ஆற்றைப் பார்த்தபடியே குடிப்பாள்.

ஆண்டுதோறும் அக்டோபரில் பலகைகளை இறக்கிப் பார்க்கும் ஒத்திகை உண்டு. கடந்த முறை அவள் கால் முறிந்து படுத்திருந்ததால் நடக்கவில்லை. அந்த உறுத்தல் அவளைத் தூங்கவிடவில்லை. ஜனவரியில் ஆறு பெருகிக் குளங்களை விழுங்கிவிட்டுச் சாலையில் ஏறியபோது, உறுத்தலுக்கு விடை கிடைத்தது. வெளிவரிசையின் மேல் பலகை, பலகைகளை அடுக்கிவைக்கும் கொட்டகையில் இல்லை.

"திருவிழா மேடைக்கு எடுத்துட்டுப் போனியே கெர்லோஃப், திருப்பி வெச்சியா?"

காப்பிக்கடைக்காரன் கெர்லோஃப் தொப்பியைக் கழற்றினான். "கடையில இருக்கு டினா. அடுப்போரம். பெஞ்சா போட்டுட்டேன்."

"ஊரோட கதவை எடுத்துப் பெஞ்சா போட்டியா?"

"உட்கார நல்லா இருக்கு, அதான்..."

மற்ற பலகைகளை இறக்கிவிட்டு அதைத் தூக்கி வந்தார்கள். அடுப்புச் சூட்டில் காய்ந்த பலகை வில்லாக வளைந்திருந்தது. தூண்களின் பள்ளத்தில் பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. சம்மட்டி அடிக்கும் அசையவில்லை. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. பெரெண்டினா இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடந்தாள், குனிந்து பார்த்தாள், மறுபடி நடந்தாள்.

"அடிச்சா பொளந்துக்கும். எல்லாரும் ஏறி உட்காருங்க," என்றாள்.

"எங்க?"

"இத்தனை மாசமா எங்க உட்கார்ந்தீங்களோ, அதுமேலதான்!"

கடையின் வாடிக்கையாளர்கள் கரைமேட்டிலிருந்து ஒவ்வொருவராக நகர்ந்து பலகையில் அமர்ந்தார்கள். கால்கள் வெள்ளத்தின் மேல் தொங்கின. கனத்த உடம்புக்காரனான வோல்டர் சாணம் அப்பிய காலணியோடு நடுவில் அமர்ந்ததும் பலகை முனகிக்கொண்டு கொஞ்சம் இறங்கியது.

"கெர்லோஃப், ஆளுக்கொரு காப்பி கொண்டா," என்றான் வோல்டர். "கடைதான் இடம் மாறியிருக்கு."

யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. இன்னும் விரலளவு இடைவெளி. கெர்லோஃபும் அமர்ந்தான். போதவில்லை. பலகையில் ஏறக் கரையில் வேறு ஆளில்லை; மற்றவர்கள் மாடுகளோடு மேட்டு நிலத்துக்குப் போய்விட்டார்கள்.

"டினா, நீயும் வா," என்றான் கெர்லோஃப்.

"எனக்கு உட்கார நேரமில்ல."

"இதுக்கு மட்டும் உண்டு. வா."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் அமர்ந்தாள். மெலிந்த உடம்பு. ஆனால் அந்த ஓரம்தான் மாட்டியிருந்தது. மரம் ஒருமுறை கிறீச்சிட்டு, தடாரென்று கீழ்ப்பலகையில் போய் அமர்ந்தது. வோல்டர் தடுமாறிக் கெர்லோஃபின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

இடையில் சாணத்தைத் திணித்து முடித்தபோது, தண்ணீர் அந்தப் பலகையின் பாதிவரை வந்து நின்றது. ஊருக்குள் ஒரு சொட்டும் வரவில்லை. கெர்லோஃப் கடைசியில் காப்பி கொண்டுவந்தான். பெரெண்டினா அதை வாங்கி, நின்றபடியே குடித்துக்கொண்டு, எதிர்த் தூணைப் பார்க்கப் போனாள்.