பரிமேலனை எங்கிருந்து தொடங்குவது

பரிமேலன் என்ற துப்பறியும் கதைக்காரர் எத்தனை நாவல் எழுதினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மாதத்துக்கு இரண்டு, சில மாதம் மூன்று என்று எழுதித் தள்ளிய மனிதர். பிரிக்பீல்ட்சில் ஞானசம்பந்தத்தின் புத்தகக் கடையில் அவருக்கென்றே ஒரு சுவர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து மலைத்துப்போய், "அண்ணே, இதுல எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார்கள். ஞானசம்பந்தம் பதில் சொல்ல மாட்டார். "சனிக்கிழமை வாங்க, கிள்ளான் அக்கா வருவாங்க, அவங்கள கேளுங்க" என்பார்.

கிள்ளான் அக்கா என்றால் கிள்ளானிலிருந்து வருகிற அமுதவள்ளி. சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இளமையெல்லாம் கழித்து ஓய்வுபெற்றவள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. சனிக்கிழமை ஆனால் கொமுட்டர் ரயிலேறி வந்து, அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"மொத நாவல எடுத்துட்டு ஓடாதீங்க. அப்ப அவருக்கு எழுதவே வராது, கொலைகாரன் ரெண்டாவது பக்கத்துலயே வேர்த்து வழிஞ்சிட்டு நிப்பான். டிவியில வந்து பேரு கெடச்ச பிறகு எழுதினதும் வேணாம், எல்லாம் அவசரம். நடுவுல எடுங்க. இன்ஸ்பெக்டர் மேகவர்ணனுக்குப் பொண்டாட்டி செத்துப்போன பிறகு வந்த கதைங்க இருக்கே, அதுலதான் அந்த ஆளு மனுசனா ஆவாரு."

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். வேறு எந்த விஷயத்திலும் அவளிடம் யாரும் வந்து யோசனை கேட்டதில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் வழி சொன்னவள், அந்தக் கேள்வியைத் தன் தம்பியே கேட்டபோது வழி தவறிவிட்டாள்.

தம்பி சுகுமாறன் பூச்சோங்கில் இருக்கிறான். சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். மோட்டார் சைக்கிளில் போனவனை ஒரு லோரி உரசி, கால் முறிந்து, கட்டுப்போட்டு வீட்டோடு கிடந்தான். அமுதவள்ளி ஆப்பிளும் கையுமாகப் பார்க்கப் போனாள். பையில் வழக்கம்போல் ஒரு பரிமேலன். சுகுமாறன் அதை வாங்கிப் புரட்டினான். அட்டையில் ஒரு ரயில் நிலையம், பெஞ்சடியில் பெட்டி, பெட்டிக்குள்ளிருந்து தொங்கும் ஒரு கை.

"நல்லா இருக்கும் போலயே. சும்மாதானே படுத்திருக்கேன். எதுலேர்ந்துக்கா ஆரம்பிக்கிறது?"

அவளுக்குச் சுருக்கென்றது. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரியாமல் போனதற்குக் காரணம் அவள்.

அப்பா இறந்தபோது அவளுக்கு இருபது வயது இருக்கும். சுகுமாறன் இன்னும் பள்ளிக்கூடம் போகிற வயதாகாத பிள்ளை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவும் வராது, "நீயே பாத்து சேத்துடு" என்று சொல்லிவிட்டாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தமிழ்ப்பள்ளி இருந்தது. அமுதவள்ளி அதில்தான் படித்தாள். பிறகு மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போய், வாத்தியார் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்று தப்பும் தவறுமாக மலாய் பேசி, வகுப்பே சிரித்துத் தீர்த்ததையும் அனுபவித்தாள். அந்தச் சிரிப்பு தம்பிக்கு வேண்டாம் என்று, தமிழ்ப்பள்ளியைத் தாண்டி அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மலாய்ப்பள்ளியில் சேர்த்தாள். அவனுக்குக் கெடுதல் செய்வதாக அன்றைக்கு அவள் நினைக்கவில்லை.

அதைக்கூட அவள் மனசு மன்னித்துவிடும். மன்னிக்காத இடம் வேறு. வேலை விட்டு வந்து அவள் நாவலும் கையுமாக உட்காரும்போது, பையன் பக்கத்தில் வந்து எழுத்தின்மேல் விரலை வைத்து, "இது என்னாக்கா?" என்று கேட்பான். கொலை நடக்கிற நேரத்தில் குறுக்கே வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? "ஒனக்கு எதுக்குடா அது? போய் ஹோம்வேர்க் செய்யி" என்று விரட்டுவாள். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான். அம்மா இறந்த அன்று எல்லோர் கையிலும் தேவாரத் தாளைக் கொடுத்தார்கள். சுகுமாறன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அமுதவள்ளி பாடிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

இப்போது அவன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். போனில் எழுத்துப் பழக ஏதோ வந்திருக்கிறதாம், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே ஆரம்பித்தானாம். அவள் காதில் பாதிதான் விழுந்தது. பழசுக்கெல்லாம் ஈடு செய்துவிட அவளுக்கு ஒரே அவசரம்.

"நீ ஏன்டா கண்ணக் கெடுத்துக்கிற? நான் படிச்சு வாய்ஸ் அனுப்புறேன். நீ காலை நீட்டிப் படுத்துட்டுக் கேளு."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அந்த ரயில் நிலையக் கதையை அவள் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மேகவர்ணனுக்குக் கட்டைக்குரல், எஸ்டேட் முதலாளிக்கு மூக்கால் ஒரு குரல், செத்தவளின் மாமியாருக்கு இழுத்து இழுத்து ஒரு குரல். ஒவ்வொன்றுக்கும் சுகுமாறன் கும்பிடுகிற கை படம் போட்டான். "சூப்பர்லா க்கா, அந்த மாமியாதான் செஞ்சிருப்பா" என்று திருப்பி வாய்ஸ் விட்டான். அமுதவள்ளிக்கு உடம்பே லேசானது. பட்ட கடன் ஒருவழியாகத் தீர்கிறது என்று நினைத்துக்கொண்டாள் பாவம்.

கடைசி அத்தியாயத்தை நேரிலேயே வாசித்துவிடலாம் என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு பூச்சோங் போனாள். சுகுமாறன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி வாணி தேநீர் போட்டுக் கொடுத்து, நல்லது சொல்கிற முகத்தோடுதான் சொன்னாள்.

"நல்லவேள அண்ணி, நீங்க வாய்ஸ் அனுப்புறீங்க. போன்ல 'அம்மா, ஆடு'ன்னு தலைய ஒடச்சிக்கிட்டு இருந்தாரு. கடை போர்டெல்லாம் எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிட்டாரு, ஒங்ககிட்ட படிச்சுக் காட்டணும்னு சொல்லிட்டு இருந்தாரு. நீங்க அனுப்பினதும் விட்டுட்டாரு. அக்காவே படிக்கிறாங்க, நான் எதுக்குக் கஷ்டப்படணும்னு."

அமுதவள்ளி தேநீரைக் கீழே வைத்தாள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருதரம் விரட்டினாள். அவனாக மறுபடி வந்து நின்றபோது, பாசம் என்ற பெயரில் இன்னொருதரம் விரட்டியிருக்கிறாள். அவன் எழுந்து வருவதற்குள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் போன் மேல் போன். அவள் எடுக்கவில்லை. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பினான். யார்க்கா கொன்னது? மாமியாரா? முதலாளியா? கோபமா க்கா? இரண்டு நாள் பொறுத்தாள். இப்படி விட்டால் அவனே எழுத்துக்கூட்டிப் படிப்பான் என்பது அவள் கணக்கு. ஆனால் அவன் படிக்கவில்லை, கெஞ்சினான். பிறகு கெஞ்சலும் நின்று, போன் சத்தமில்லாமல் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதுவும் அவனைக் கேட்காமல் அவளாக எடுத்த முடிவுதானே. எத்தனை வயதானாலும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறாளே, அவள் யார்? வெட்கமாக இருந்தது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பூச்சோங் போனாள். சுகுமாறன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தான். அவள் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் பேசினாள்.

"ஸ்கூல்ல சேக்கும்போது ஒன்னக் கேக்கல. நீ கேட்டு வந்தப்ப வெரட்டுனேன். நீயா படிக்க ஆரம்பிச்சத வாய்ஸ் அனுப்பிக் கெடுத்தேன். அப்புறம் அதையும் சொல்லாம நிறுத்துனேன். எல்லாம் நானாத்தான் செஞ்சேன். என்னால தாங்க முடியலடா சுகு. இப்ப நீ சொல்லு. நான் படிக்கட்டுமா, நீ படிக்கிறியா?"

அவன் ஏதோ திட்டத்தான் போகிறான் என்று நினைத்தாள். அவன் வாணியிடம் கையை நீட்டி, "அந்தப் புக்க எடு" என்றான்.

கடைசி அத்தியாயத்தைப் பிரித்தான். நரைத்த மீசையின்கீழ் உதடு அசைந்தது. விரலை எழுத்தின்மேல் வைத்தான்.

"மே... க... மேக... வர்... ணன். மேகவர்ணன். பெட்... டி... யை... பெட்டியை. தி... ற... திறந்... தார்."

அமுதவள்ளி வாயைத் திறந்தாள். அடுத்த சொல் நுனிநாக்கில் நின்றது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவன் தடுக்கினான், திரும்பிப் போனான், மறுபடி பிடித்தான். றகரத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பக்கம் முடிய வெகுநேரம் ஆனது. கொலைகாரன் யார் என்று இன்னும் வரவில்லை.

சுகுமாறன் புத்தகத்தை மடியில் வைத்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"இவ்ளோதானாக்கா? ரொம்பக் கஷ்டம்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன். அப்பவே சொல்லிக் குடுத்திருக்கலாம்லா."

குற்றம் சொல்கிற குரலில்லை. சும்மா, மனசில் பட்டதைச் சொன்னான்.

"ஆமாடா" என்றாள் அமுதவள்ளி. "குடுத்திருக்கலாம்."