கூரைமேல் மண்மூட்டை

ஹெலிகொப்டர் பாரம் தூக்கினால் கீழே கிடப்பதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய மனிதனின் விஞ்ஞானம் அது.

கிளிநொச்சியில் எங்கள் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் நாலுமாடிக் கட்டடம் ஒன்று எழும்பியிருந்தது. அதன் உச்சிக்குப் பெரிய ஏசி இயந்திரம் ஏற வேண்டும். ஒழுங்கைக்குள் கிரேன் நுழையாது. ஹெலியில் தொங்கவிட்டு இறக்கப் போகிறார்கள். அறிவிக்க வந்த பொறியியலாளர், காற்று கீழ்நோக்கித்தான் அடிக்கும், கழன்ற தகரங்களுக்கு ஆணி அடித்தால் போதும் என்றார்.

தலையாட்டினேன். அவர் போனதும் உரப்பைகளைத் தேடினேன். வன்னியில் என் வயதுக்காரனுக்கு ஹெலி என்றால் கை தானாக மண் அள்ளும். சண்டைக் காலத்தில் பங்கருக்கு மேல் அடுக்கினோம். இப்போது கடைக்கு மேல். எங்கள் சீவியம் முழுக்க அந்தக் கூரைக்குக் கீழேதான் கிடந்தது. அது பறந்தால் அடுப்பும் அணைந்தது என்றே அர்த்தம்.

மனைவி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோப்பா, கூரையைத் தாங்கிற வளை முனகுது."

"அது பாரம் பழகுது" என்றேன். இன்னும் சில மூட்டைகளை ஏற்றினேன்.

மறுநாள் காலை எல்லோரையும் வீதிக்கு மறுபக்கம், கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் என் கூரையைக் காட்டி, புத்தியுள்ளவன் செய்யும் வேலையைப் பாருங்கள் என்று அளந்துகொண்டிருந்தேன். பரந்தன் பக்கமிருந்து சத்தம் வந்தது. முதலில் நெஞ்சுக்குள் கேட்டது, பிறகுதான் காதுக்கு வந்தது. ஒருவரும் அசையவில்லை. நான் மட்டும் ஓடினேன்.

தண்ணீர்க் குழாய் புதைக்க வெட்டியிருந்த கிடங்குக்குள் பாய்ந்து குப்புறப் படுத்தேன். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து... பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று, குண்டு விழும்போது படுக்கும் இந்த முறை மறக்கவில்லை. திறந்த வாய்க்குள் புழுதி நிறைந்தது.

மனைவி கிடங்கின் விளிம்பில் குந்தி என் காலரைப் பிடித்தாள்.

"எழும்பி வாங்கோ. உது ஏசி கொண்டு வந்த ஹெலி. சனம் பாக்குது."

"தகரம் பறக்குதோ?"

"இல்லை."

"நீரும் இறங்கிப் படும்."

அவள் இறங்கவில்லை. ஆனால் காலரை விடவும் இல்லை.

அப்போது எதுவோ படாரென்று முறிந்தது. நான் முகத்தையே மண்ணுக்குள் புதைத்தேன். சத்தம் மெல்ல மெல்ல வடக்கே தேய்ந்த பிறகுதான் தலையைத் தூக்கினேன்.

ஹெலி இயந்திரத்தை வைக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தது. காற்று ஒரு தகரத்தையும் கிளப்பவில்லை. மண்மூட்டைகளின் பாரம் தாங்காமல் வளை முறிந்து, கடைக் கூரை உள்ளே விழுந்திருந்தது.