மார்கரெட் அக்காவுக்கு மட்டும் கிடைக்காத கார்டு

தலைநகரில், மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் யாருக்காவது பிரஷர் ஏறினால் முதலில் ஓடுவது மூன்றாம் மாடி மார்கரெட் அக்கா வீட்டுக்கு. டாக்டர், ஆட்டோ எல்லாம் அதற்கப்புறம். நாசரேத் பக்கத்துக்காரர். பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சீனியர் நர்ஸ். கணவர் ஏசுதாஸ் காலமான பிறகு, ராத்திரி வீட்டில் தனியாகக் கிடப்பதற்கு வேலையாவது பார்க்கலாம் என்று நிரந்தரமாக நைட் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரே மகன் டேவிட்சன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான்.

நைட் டியூட்டி என்றால் பகலில் தூக்கம். அந்தத் தூக்கத்துக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையை எந்த மந்திரிக்கும் கொடுக்கமாட்டோம். காலிங் பெல் ஒயரைப் பிடுங்கியாயிற்று. பெயரைப் படித்துவிட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பெயர்ப் பலகையையும் கழற்றியாயிற்று. கேட்டில் நிற்கும் காவலாளி பூரணின் மனைவிக்கு ஒருமுறை டெங்கு வந்தபோது அக்காதான் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார். அதிலிருந்து பூரண் ஈயைக்கூட மூன்றாம் மாடிக்கு விடுவதில்லை. தூங்குகிறார் என்று சொன்னால், வருகிறவர்கள் "ரெண்டே நிமிஷம்" என்று கெஞ்சுவார்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்றால் பேச்சு முடிந்தது. இரண்டாம் மாடி உஷாராணி கண்டுபிடித்த வைத்தியம் இது.

நான் கீழ்த்தளத்தில் தோசை மாவு விற்கிறேன். மாவு வாங்க வருகிறவர்கள் செய்தியையும் கொண்டுவருவார்கள். இரண்டையும் நான் ரொம்பப் புளிக்க விடுவதில்லை.

ஆஸ்பத்திரி கேண்டீன் வாசலில் ஒரு பாங்குக்காரர் மேஜை போட்டு உட்கார்ந்து, நர்ஸுகளுக்கெல்லாம் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ரெபேக்காவுக்குக் கார்டு வந்தது. கேண்டீனில் டீ ஆற்றும் பையாவுக்குக்கூட வந்தது. மார்கரெட் அக்காவுக்கு, 'உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. வேறொரு பாங்கில் எழுதிப்போட்டார். அங்கேயும் அதே பதில். போன் போட்டுக் காரணம் கேட்டால், "இன்டர்னல் பாலிசி மேடம்" என்றார்கள்.

"என்ன தம்பி இது? சம்பளம் ஒழுங்கா வருது, வீடு சொந்தம், எவன்ட்டயும் கை நீட்டுனதில்ல. அந்த ரெபேக்கா புள்ள மாசக் கடைசில மெட்ரோவுக்கு எங்கிட்டதான் வாங்கிட்டுப் போவும். அவளுக்குக் குடுக்கான், எனக்கு இல்லங்கான்!"

"ஊசி போட்டுருவீங்கன்னு பயந்திருப்பான்க்கா," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை.

பக்கத்தில் மாவுக்கு நின்றிருந்த உஷாராணி சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் அது உஷாராணி இல்லையே. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் பசங்க அம்மாவோட பான் கார்ட வச்சே போன்ல கடன் வாங்கிடுதுங்களாம். கட்டாம விட்டா அம்மா பேரு கெட்டுப்போயிடும். இங்க துவாரகாவுல எங்க சொந்தக்காரங்க வீட்லயே நடந்திருக்கு."

அக்காவின் முகம் மாறிவிட்டது. போன வருடம்தான் டேவிட்சன் ஏதோ இன்ஷூரன்ஸுக்கு என்று அவருடைய பான் கார்டு, ஆதார் படங்களை வாட்ஸப்பில் கேட்டு வாங்கியிருந்தான்.

மறுநாள் என் கடை வாசலில் நின்றபடியே மகனுக்குப் போன் போட்டார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்; எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"ஏல டேவிட்சா, பாங்குல எனக்கு மட்டும் கார்டு இல்லங்கான். என் பேருல எதாவது லோன் எடுத்திருக்கியால?"

"அம்மா... நீங்களா கேக்குறீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இல்லம்மா."

"சரி, வைக்கேன்."

அதற்குப் பிறகு அம்மாவும் மகனும் பேசியது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற அளவோடு சரி. ரெபேக்கா வந்து, "சிஸ்டர், உங்க பேர்ல என்ன கடன் இருக்குன்னு போன்லயே பாக்கலாம். காசுகூட இல்ல, பாத்துத் தரட்டா?" என்று கேட்டாள். "வேண்டாம்டி" என்று அக்கா போனைப் பையில் போட்டுக்கொண்டார். எத்தனையோ பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பதறாமல் படித்தவர். இதைப் பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. மகன் பெயர் அதற்குள் இருந்துவிட்டால்?

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் ஒரே சத்தம். மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தால், முகம் நிறையத் தாடியோடு ஒருவன் பெட்டியும் கையுமாக நிற்கிறான்.

"மார்கரெட்? யஹாங் கோயி நஹீ," அப்படி யாரும் இங்கே இல்லை என்று வழியை மறித்தார் பூரண்.

"பையா, வோ மேரி மா ஹை!"

அம்மா, அத்தை என்று எல்லாரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்று பூரண் ஹிந்தியில் பதில் சொன்னார். அதற்குள் பால்கனியில் உஷாராணி ஆஜர்.

"ஆன்ட்டி, மூணாவது மாடி, நர்ஸு..." என்று அவன் தமிழில் கெஞ்சினான்.

"அவங்களா? வீட்ட காலி பண்ணிட்டுப் போயி வருஷமாச்சு. ஜல்தி கெளம்பு!"

அவன் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "பாங்க்லேர்ந்து யாராச்சும் வந்தாலும் இப்படித்தான் சொல்வீங்களா ஆன்ட்டி?"

"பாங்க் என்ன, போலீஸே வந்தாலும் இதான்! ரெண்டு வாட்டி ஒருத்தன் பைலத் தூக்கிட்டு வந்து, இந்த அட்ரஸ்ல இருக்காங்களான்னு நோண்டி நோண்டிக் கேட்டான். வெரட்டி விட்டோம்ல!"

அவன் பெட்டிமேலேயே உட்கார்ந்து சிரித்தான். சிரித்த சிரிப்பில் தாடி நனைந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு டேவிட்சன் என்று அடையாளம் தெரிந்தது. அவன் பெங்களூர் போன பிறகு குடிவந்தவர் உஷாராணி, வேலைக்கு வந்தவர் பூரண். கிறிஸ்துமஸுக்கெல்லாம் அக்காதான் அங்கே போய் வருவார்.

பாங்கிலிருந்து வந்தவருக்கு நாங்கள் ஆளே இல்லை என்று சொல்லியிருக்கிறோம். போனிலாவது கேட்கலாம் என்றால், தூங்கும்போது அக்கா அதை அணைத்து வைத்துவிடுவார். எந்த பாங்கு கொடுக்கும்?

"வா தம்பி, எழுப்பலாம்," என்றேன்.

"தூங்கட்டும் அண்ணா," என்றான். சாயங்காலம் வரை என் கடையிலேயே உட்கார்ந்திருந்தான். உஷாராணி மூன்று தடவை டீ கொண்டுவந்து வைத்தார், வாயைத் திறக்காமல்.

அக்கா பால் வாங்க இறங்கி வந்தவர், கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். டேவிட்சன் நடந்ததைச் சொன்னான். கேட்டு முடித்து, அவன் தாடியைப் பிடித்து இழுத்தார்.

"இது என்னல மூஞ்சில?" பிறகு குரல் இறங்கிவிட்டது. "அந்த லோன் கணக்க நான் பாக்கவே இல்லல. பாத்தா உன் பேரு இருந்துருமோன்னு..."

"உங்க பேச்சுலயே தெரிஞ்சுதும்மா. அதான் வந்தேன், ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்னு." போனை எடுத்து நீட்டினான்.

அக்கா அதை வாங்கவில்லை. "இனி எதுக்குல? வா, பசிச்சிருக்கும்."

கார்டுக்கு டேவிட்சனே மறுபடி எழுதிப்போட்டுவிட்டுப் போனான். பாங்கிலிருந்து வந்தவரைப் பூரண் கையைப் பிடித்து மாடிக்கே கூட்டிப்போனார். நானும் உஷாராணியும் போட்டி போட்டுக்கொண்டு சாட்சி சொன்னோம். கார்டு பாஸாகிவிட்டது. ஆனால் கூரியரில் அது வந்த அன்று பூரண் லீவு. அவருக்குப் பதில் நின்றவருக்குப் பழைய பாடம் மட்டும்தான் தெரியும். இங்கே அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"போவட்டும், திரும்ப வரும். நல்லாத் தூங்குனேன்," என்றார் அக்கா.

இப்போதும் மாவு வாங்க வரும்போதுதான் மகனுக்குப் போன் போடுகிறார், ஸ்பீக்கரில். கண்ணாடி போட்டிருக்கும்போதும்.