துளிர்க்காத நெல்

ஜப்பானுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும், கடைக்காரப் பெண் தினமும் என்னிடம் என்ன கேட்கிறாள் என்பது எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. பை வேண்டுமா, சோற்றைச் சூடாக்கவேண்டுமா, இரண்டில் ஒன்று. நான் சிரித்துக்கொண்டு “தைஜோபு” என்பேன். சரி, பரவாயில்லை என்று பொருள்படும் சொல் என வந்த வாரத்திலேயே கற்றிருந்தேன். ஆனால் ஒருநாளும் பை கிடைத்ததில்லை, சோறு சூடானதுமில்லை. ஏன் என்று நான் யோசிக்கவுமில்லை.

நான் குமரிக் கடற்கரையில் இருக்கும் இனயம் என்ற ஊர்க்காரி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடல்தான் பிழைப்பு. அரிசி கடையில் வாங்குவது. போன சித்திரையில், மகள் ஜெனிஷா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக ஊருக்குப் போயிருந்தபோது, மீன் கழுவிக்கொண்டே அம்மா கேட்டாள்: “ஏட்டி சுஜா, கடக்கரையில பொறந்தவளுக்கு நெல்லுகிட்ட என்னட்டி சோலி?”

பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். உமி நீக்கிய நெல்லை மருந்து கலந்த தட்டில் வைத்தால், முளைக்குப் பதிலாக வெளிர்மஞ்சள் கட்டி ஒன்று திரளும். கேலஸ் என்போம். அதை வேறு தட்டுக்கு மாற்றினால் சில நெல் வகைகளில் பச்சைப் புள்ளி தோன்றி, முழுச் செடியாகிவிடும். சில வகைகளில் எத்தனை கவனித்தாலும் கட்டி பழுப்பேறிச் சாகும். ஜப்பானியர் கொண்டாடும் கோஷிஹிகாரி அரிசி இந்த இரண்டாம் வகை. நம் நாட்டுப் பக்கத்து நெல் ஒன்று எளிதில் துளிர்க்கும். திசுவுக்குள் நைட்ரைட் என்ற நஞ்சு தேங்கவிடாத ஒரு ஜீன் அதில் வலுவாக இருப்பது முன்பே தெரிந்ததுதான். அது தவிர வேறு ஜீன்களும் உண்டா என்று, இரண்டையும் கலந்து வந்த பேரப்பிள்ளை விதைகளில் தேடுவதுதான் ஜப்பானில் என் ஆய்வு.

அம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்பம் எல்லாம் தாய் தகப்பன்கிட்ட இருந்து வாறதுதானா? வளக்கியவ கையில ஒண்ணும் இல்லியா?”

வளர்ப்பும் வேண்டும் என்றேன். முற்றத்தில் ஜெனிஷா வெள்ளைக் கவுனோடு நின்றாள். அந்தக் கவுனைத் தைக்கக் கொடுத்தது, ஜெப மந்திரம் சொல்லிக்கொடுத்தது, தினமும் கோயிலுக்குக் கூட்டிப்போனது எல்லாம் என் கணவர் பெனடிக்ட். கிறிஸ்மஸுக்கு ஒரேயடியாக வந்துவிடுவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ஜப்பான் திரும்பி ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் வளர்ப்பறைக்கு ஓடினேன். என் தட்டுகள் அத்தனையும் பழுப்பு. முதல் வாரத்திலேயே புதுத் தட்டுகளுக்கு மாற்றியிருக்கவேண்டிய கட்டிகள் பழைய தட்டிலேயே கிடந்து செத்திருந்தன. ஆய்வக உதவியாளர் சாத்தோ-சானிடம் கேட்டபோது அவர் முகம் வெளுத்தது. ஊருக்குக் கிளம்பிய அன்று, தட்டுகளை நான் மாற்றித் தரட்டுமா என்று அவர் கேட்டிருக்கிறார். பெட்டியும் கையுமாக நின்ற நான், சரி என்று சொல்வதாக நினைத்து “தைஜோபு” என்றிருக்கிறேன். அப்படிக் கேட்கும்போது அந்தச் சொல்லுக்கு “வேண்டாம், பரவாயில்லை” என்று பொருளாம். அவர் இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிழை என்னுடையது என்றேன். அவர் நிமிரவில்லை. நானும் குனிந்தேன். மறுநாள் என் மேசையில் ஒரு சீட்டு இருந்தது. “ஹாய், ஒனெகாய் ஷிமாஸ்” என்று ஆங்கில எழுத்தில் எழுதி, ‘ஆமாம், தயவுசெய்து’ என்று பொருள், உதவி வேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள் என்று குறித்திருந்தார்.

பழுப்பேறிய தட்டுகளைக் கொட்டப்போகையில், நாலைந்தில் மட்டும் பச்சைப் புள்ளிகளைக் கண்டேன். பட்டினி கிடந்தும் துளிர்த்தவை. இதையே முடிவாக எழுதிவிட்டால் கிறிஸ்மஸுக்கு ஊர் போய்விடலாம். வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் என்ன சொல்வார் என்று தெரிந்தேதான் அவரிடம் போனேன். கவனிப்பில்லாமல் கிடந்த தட்டுகளை வைத்து ஜீனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் விதையைப் பெருக்கி முதலிலிருந்து செய்யவேண்டும் என்றார். இன்னும் ஒரு வருடம். அவர் சொன்னது நியாயம் என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

ஜெனிஷா பள்ளி விட்டு வரும் நேரம் பார்த்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெனடிக்ட் கோபப்படவில்லை. “இத நான் அவகிட்ட சொல்லமாட்டேன். நீயே சொல்லு,” என்று போனைக் கொடுத்தார்.

சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“செரிம்மா. பின்ன எங்க வீட்டுக்கு நீ எப்பம் வருவ?”

அடுத்த வருடம் என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது. நம்ம வீடு என்று அவள் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லியிருக்கமாட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் சாத்தோ-சான் பக்கத்தில் வந்து, மகள் என்ன சொன்னாள் என்று மெதுவாகக் கேட்டார். எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடினேன். அவர் மொழியில் ‘எங்க’ என்பதற்கும் ‘நம்ம’ என்பதற்கும் ஒரே சொல்தான். “எப்போது வருவாய் என்று கேட்டாள்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, விதைப் பொட்டலத்தைப் பிரித்து உமி உரிக்கத் தொடங்கினேன்.