கடுகளவு பெலாச்சான்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. பெண்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தேன். ஊருக்குக் கடிதம் எழுதுவதோடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் இப்படி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த தவறை இன்றைக்கும் பல வீடுகளில் செய்கிறார்கள். அதற்காகத்தான்.

அப்போது நாங்கள் ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்து, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வேலை. அவருடைய தம்பி ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து, மனைவியைக் கப்பலில் அழைத்துவந்து எங்களோடு தங்கினார். என் ஓரகத்திக்கு இருபது வயதுதான் இருக்கும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒருத்தி வந்தாளே என்று சந்தோஷப்பட்டேன்.

வந்த முதல் வாரமே இறால் குழம்பைத் தள்ளிவைத்தாள்.

"எனக்கு எறா ஆகாதுக்கா. சின்ன வயசுல ஒரு தடவ தின்னு, உடம்பெல்லாம் தடிச்சு, தொண்ட அடைச்சுப் போச்சு."

"மீனு?"

"மீனு திம்பேன்க்கா. அது ஒண்ணும் செய்யாது."

அடுத்த வீட்டு அக்கா வாசலில் நின்றபடி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அடி ஆத்தா! ரெண்டும் ஒரே கடல்லதானே நீந்துது? ஒண்ணு ஆகுமாம், ஒண்ணு ஆகாதாம். மகாராணி நாக்குக்கு எல்லாம் பொறுக்கித்தான் எறங்கும்."

ஓரகத்தியும் சேர்ந்து சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான்.

அப்படி எண்ணியதற்குக் காரணம் இருந்தது. எனக்குப் பால் சேராது. ஒரு தம்ளர் குடித்தால் வயிறு உப்பி, இரைந்து, அன்று முழுவதும் கொல்லைப்புறமும் வீடுமாக அலைவேன். வீட்டுக்காரர் டின் பால் ஊற்றிய காப்பிதான் குடிப்பார். அவருக்குப் போடும்போது எனக்கும் அரைக் கரண்டி ஊற்றிக்கொள்ளத் தொடங்கினேன். பிறகு ஒரு கரண்டி. சில மாதங்களில் அந்த அளவுக்குப் பழகிவிட்டது. ஆகாது என்பதெல்லாம் பழகாததுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். என் வயிற்றை வைத்து அவள் உடம்பை அளந்தேன்.

இந்த நாட்டில் பெலாச்சான் இல்லாமல் ஒரு பெண் எத்தனை நாள் சாப்பிட முடியும்? குட்டி இறாலை உப்பிட்டு, இடித்து, காயவைத்துக் கட்டியாக்கி விற்கிறார்கள். அதைச் சுட்டு மிளகாயோடு அரைத்தால் சம்பால். விருந்துக்குப் போகிற இடமெல்லாம் அது இருக்கும். இவள் எங்கேயும் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும், என் வீட்டுப் பெண்ணை யாரும் குறை சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

சுடும்போது பெலாச்சான் நாற்றம் தெருமுனை வரை போகும். எங்கள் அடுப்பில் சுட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வீட்டு அக்காவின் அடுப்பில் சுட்டு, கடுகளவு கிள்ளி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். தேங்காய், மிளகாய், புளியோடு அம்மியில் வைத்து அரைத்தேன்.

மத்தியானம் அவளுக்குத் துவையல் பிடித்துப்போயிற்று. "இன்னும் கொஞ்சம் வைங்கக்கா" என்றாள். வைத்தேன்.

அவள் கை கழுவுவதற்குள் உதடு தடித்துவிட்டது. கழுத்தைச் சொறிந்தாள். கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், குரல் வரவில்லை. கொழுந்தனார் செருப்புகூடப் போடாமல் ஓடி, பின் வரிசையில் குடியிருந்த டிரஸ்ஸரை அழைத்துவந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக வேலை பார்த்த அவர் பையோடு வந்து உடனே ஊசி போட்டார். அவள் மூச்சு சீராகும் வரை எங்களில் யாரும் உட்காரவில்லை.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டிரஸ்ஸர் கேட்டார்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சோறும் ரசமும்தாங்க. அப்புறம் தேங்காத் துவையல்" என்றேன்.

"அப்ப தேங்கா ஒத்துக்கல போல. இனிமே தேங்காயத் தொடாதீங்கம்மா."

பாயில் கிடந்தபடி அவள் தலையாட்டினாள். இனி இவள் தேங்காயை ஒதுக்குவாள். யார் வீட்டிலாவது, இது இறால் என்று தெரியாமல், சம்பாலைத் தொட்டுக்கொள்வாள்.

கதவோரம் நின்றபடி கேட்டேன். "எனக்கும் பால் ஆகாதுங்க. கொஞ்சங் கொஞ்சமா பழகிட்டேன். இதுவும் அப்படிப் பழகிடாதுங்களா?"

"அது வேற, இது வேறம்மா. உங்களுக்குப் பால் செரிக்கல, வயிறு கஷ்டப்படுது. கொறச்சுக் குடிச்சா தாங்குது. அதால உயிருக்கு ஒண்ணும் வராது. இவங்களுக்கு அப்படியில்ல. உடம்பே அத வெசமா நெனச்சு எதிர்க்குது. இதுல கொஞ்சம், நெறயன்னு கணக்கே இல்ல. ஊசிமுனை அளவு போனாலும் தொண்ட அடைச்சிரும். பழக்கிப் பாக்குறேன்னு எறங்கினா ஆளே போயிருவாங்க."

"துவையல்ல பெலாச்சான் வச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சுட்டுக் கொண்டாந்து, அவளுக்குத் தெரியாம வச்சேன்."

வீட்டுக்காரர், "ஏ புள்ள, உனக்குப் புத்தி எங்க போச்சு?" என்று டிரஸ்ஸர் முன்னாலேயே கத்தினார். கொழுந்தனார் என் பக்கம் திரும்பாமல் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிரஸ்ஸர் பையை மூடிக்கொண்டே, "தேங்கா சாப்பிடலாம்மா. எறா, பெலாச்சான் ரெண்டும் ஆயுசுக்கும் வேணாம். எங்க போனாலும் கேட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போனேன். வீக்கம் வடிந்திருந்தது. கிண்ணத்தை வாங்கியவள் குடிக்காமல் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். பிறகு தரையில் வைத்தாள்.

"வெறும் அரிசியும் உப்பும்தான்" என்றேன்.

"நான் அன்னைக்குச் சொன்னப்ப நீங்க நம்பலயாக்கா?"

கஞ்சியில் ஆடை படிந்தது. கொழுந்தனார் உள்ளே வந்து, "அண்ணி, கிள்ளான்ல இவ மாமா வீடு இருக்கு. கொஞ்ச நாள் அங்க இருக்கோம்" என்றார்.

மறுநாள் காலை வண்டியில் இருவரும் கிள்ளானுக்குப் போனார்கள். வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போய்விட்டு, அப்படியே வேலைக்குப் போனார்.